கச்சான் காற்றிலும் கம்பளி நூல்

திருகோணமலை
ஆடி மாதம்

அன்பின் தோழிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் அண்ணையும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்ல சுகமாய் இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. போனில் எவ்வளவுதான் கதைத்தாலும், உன் சாய்ந்த கையெழுத்தைக் கடிதாசியில் பார்க்கிற சந்தோஷம் வேறுதான். சண்முகாப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த காலத்தில் பார்த்த அதே எழுத்து, கொஞ்சமும் மாறவில்லை.

"அம்மம்மா, அந்த வெயிலுக்குள்ள ஆர் வூல் வாங்குகினம்?" என்று உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். அவளுக்குப் பதில் சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் என் நூல் கடையின் முழுக் கதையும் வந்துவிடும் போலிருக்கிறது. ஆறுதலாகப் படி.

வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. இப்போது கச்சான் காலம். உனக்கு மறந்திருக்காது. மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி இந்தப் பக்கம் இறங்குகிற காற்று. காலையில் பத்து மணிக்கே கடை வாசற்படியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு மூன்று, முன்கடையின் நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். பழக்கடைக்காரர் போடும் தோலைத் தின்றுவிட்டு மத்தியானம் வரை அசையாது. அவற்றைத் தாண்டித்தான் என் கடைக்கு ஆட்கள் வருவார்கள். ஆனால் வருவார்கள்!

பேத்தியிடம் சொல், வாங்குவது அவளைப் போன்ற பிள்ளைகளின் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும்தான். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போகிறவர்கள், போவதற்கு முன் வந்து வெள்ளையும் இளமஞ்சளும் வாங்கிக்கொண்டு போவார்கள். விசா கிடைத்த சந்தோஷத்தில் வருகிறவர்களும் உண்டு. விசா கிடைக்காமல், தான் போக முடியாவிட்டாலும் தொப்பியாவது போகட்டும் என்று வருகிறவர்களும் உண்டு. இரண்டாவது ஆட்களுக்கு நூல் எடுத்துக் கொடுக்கும்போது நான் அவசரப்படுவதே இல்லை. எல்லா நிறத்தையும் இறக்கி வைப்பேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அவர்கள் பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகுதான் நிறம் முடிவாகும்.

அது போக, இங்கேயே பிறக்கிற குழந்தைகளுக்கும் எந்த வெக்கையிலும் தொப்பியும் சொக்சும் போடுவது நம் நாட்டு வழக்கம்தானே. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் மாற்றம் கிடைத்துப் போகிற ரீச்சர்மார் ஸ்வெற்றருக்கு நூல் கேட்டு வருவார்கள். சாமிப் படத்துக்கு வூல் மாலை கட்டுகிறவர்கள் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வாங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகள் கைவேலைப் பாடத்துக்குச் சிறு துண்டு கேட்டு வந்து நிற்பார்கள். அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை.

கிண்ணியாவில் இருந்து வருகிற முஸ்லிம் அக்காமாரை, அந்த ராத்தாமாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு மிதவைப் பாதையில் ஏறித் தண்ணீரைக் கடந்து வர வேண்டிய இடம், ஞாபகம் இருக்கிறதா? 2009இல் பாலம் திறந்த பிறகு பஸ் ஏறினால் நேரே இங்கே வந்து இறங்கலாம். அவர்கள் கேட்பது மெல்லிய வெள்ளைப் பருத்தி நூல். தொழுகைத் தொப்பி பின்ன. நோன்புக்கு முன்னால் வெள்ளை நூல் ஒரு உருண்டைகூட மிஞ்சாது.

ஒரு ராத்தா என் கடையிலேயே இருந்து பின்னிக் காட்டினார். ஆறு பின்னல் கண்ணியில் ஒரு சிறு வளையம் தொடங்கினார். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண்ணி கூட்டிக்கொண்டே போனார். இந்தக் கணக்கில்தான் வட்டம் தட்டையாக வரும். ஆறுக்குக் குறைந்தால் கிண்ணம் மாதிரிக் குவிந்துவிடும், கூடினால் ஓரம் நெளியும். அவர் எண்ணவே இல்லை. வட்டத்தை அடிக்கடி உள்ளங்கையில் வைத்து ஒரு தடவு தடவுவார், விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. உச்சி அளவுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்தினார். அந்த இடத்தில் இருந்து பின்னல் தானாகவே கீழே மடங்கிச் சுவராக இறங்கத் தொடங்கியது. எனக்குக் கொக்கி ஊசியில் எத்தனையோ வருசப் பழக்கம் இருந்தும், அந்த மடிப்பு விழுகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பக்கத்துக்கு நட்சத்திரக் கோலம் வைத்தார். அது அவருடைய உம்மாவிடம் இருந்து வந்ததாம். பின்னல் மாதிரிகள் உள்ள பற்றன் புத்தகம் எதிலும் நான் அதைக் கண்டதில்லை.

சரி, உன் ஸ்வெற்றர் விசயத்துக்கு வருகிறேன். மகள் தெரியாமல் மெசினில் போட்டு, பேரனின் ஸ்வெற்றர் பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிப் போனது என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். பிள்ளையை ஏசாதே. அந்த நூலின் குணம் அது. அசல் ஆட்டு உரோமத்தில் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில்போலச் சிறு செதில்கள் இருக்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பட்டால் செதில் விரியும். மெசின் போட்டு அலைக்கும்போது ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு இறுகிவிடும். பிறகு எந்த மருந்து போட்டாலும் பழைய நிலைக்கு முழுதாய் வராது. அந்தச் செதிலைப் பதப்படுத்தி அடக்கிய நூலும் இருக்கிறது, லேபலில் சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இனி அதையே வாங்கு. அக்ரிலிக் என்றால் சுருங்காது, ஆனால் சூடான அயன் பெட்டியை மேலே வைத்துவிடாதே. ஒரு தடவை சூடு பட்டால் துவண்டு போய்விடும், திரும்ப நிமிராது. சுருங்கிய ஸ்வெற்றரை எறியவும் வேண்டாம். அப்படி இறுகிய பின்னலைக் கத்தரிக்கோலால் வெட்டினாலும் நூல் பிரியாது. வெட்டிச் சப்பாத்துக்குள் போடுகிற அட்டையாகவோ, சூடான சட்டி பிடிக்கிற துணியாகவோ தைத்துவிடு.

இன்னொன்று. நீ அனுப்பிய பற்றனில் "8ஆம் நம்பர் ஊசி" என்று இருக்கிறது. அது அமெரிக்க நம்பர். அமெரிக்க 8 என்றால் 5 மில்லிமீற்றர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பழகியது பழைய இங்கிலாந்து நம்பர், அதில் 8 என்றால் 4 மில்லிமீற்றர். இங்கிலாந்து நம்பரில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க நம்பரில் எண் ஏற ஏற தடிக்கும். உன்னிடம் அம்மாவின் பழைய ஊசிகள் இருக்கின்றன என்றாய், அதனால்தான் இவ்வளவு விளக்கம். 4 மில்லிமீற்றரில் பத்துச் சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வரும் என்று வை, 5 மில்லிமீற்றரில் 18 வரும். அதே 90 கண்ணி முன்பக்கம், ஒன்றில் 41 சென்ரிமீற்றர், மற்றதில் 50 சென்ரிமீற்றர். ஒரே பற்றன், ஆனால் ஒன்று மகனுக்கு, மற்றது தகப்பனுக்கு. கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷேயிலும் இந்தக் கரைச்சல் இருக்கிறது. அமெரிக்கர் சிங்கிள் என்கிற கண்ணியை இங்கிலாந்துக்காரர் டபிள் என்பார்கள். ஊசியின் மில்லிமீற்றரை மட்டும் நம்பு. எதற்கும் முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்துவிட்டுத் தொடங்கு.

என் கடை 2022ஐத் தாண்டியது எப்படி என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அந்த நேரம் உன்னைக் கவலைப்படுத்த விரும்பவில்லை. 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்திலேயே 360 வரை போனது. வெளியில் இருந்து வரும் சாமான் எல்லாம் முடங்கியது, வூலும் அதில் ஒன்று. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்த நேரத்தில் ஆர் பின்னல் நூலை நினைப்பார்கள் என்று நானே இறாக்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆனால் ஆட்கள் வந்தார்கள். நூல் வாங்க இல்லை, பழைய ஸ்வெற்றரைக் கொண்டுவந்து, "இதைப் பிரித்துத் தர முடியுமா?" என்று கேட்டுக்கொண்டு. பெட்டிக்குள் கிடந்த, வெளிநாட்டில் இருந்து எப்போதோ வந்த ஸ்வெற்றர்கள்.

அந்த மாதங்களில் நான் நூல் விற்றதைவிடப் பிரித்ததே அதிகம். பிரிப்பதும் ஒரு வேலைதான், தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். முதலில் பக்கத் தையலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துணி மாதிரி வெட்டி ஓவர்லொக் அடித்த ஸ்வெற்றர் என்றால் தொடவே கூடாது, ஒவ்வொரு வரியும் வெட்டுப்பட்டிருக்கும், துண்டு துண்டாகத்தான் வரும். ஓரம் ஒழுங்காகக் கண்ணியோடு பின்னி இணைத்திருந்தால் மட்டும் பிரிக்கலாம். தையல் நூலை மெதுவாய் அறுத்து நான்கு துண்டாக்கி, பின்னி முடித்த பக்கத்தில் இருந்து இழுக்க வேண்டும். தொடங்கிய பக்கத்தில் இருந்து இழுத்தால் சிக்கிக்கொண்டு நிற்கும். பிரிந்த நூல் சுருள் சுருளாய்த்தான் வரும். அதைக் கதிரையின் முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அடியில் சின்னப் பாரம் ஒன்று கட்டி நிழலில் தொங்கவிட்டால் மறுநாள் சுருள் எல்லாம் நிமிர்ந்துவிடும். விறாந்தை முழுக்க நீலமும் மெரூனும் சாம்பலும் தொங்கும். இரவில் கரண்ட் இல்லாத நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து வாசலில் இருந்து பின்னுவார்கள். நேர்க்கண்ணி மட்டும் என்றால் வெளிச்சமே தேவையில்லை, விரல் பார்த்துக்கொள்ளும். அந்த வருசம் என்னிடம் பழகிய பிள்ளைகளில் சிலர் இன்றைக்கும் சனிக்கிழமை பின்னேரம் விடாமல் வருகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டம்தான் இப்போது என் பெரிய சந்தோஷம். உவர்மலையில் இருந்து ஒரு பிள்ளை, பாலையூற்றில் இருந்து அக்காளும் தங்கையும், அபயபுரத்தில் இருந்து ஒரு சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம், சிங்களம் கொஞ்சம், மிச்சத்தை ஊசியால் காட்டிச் சமாளிப்போம். அவர்களிடம் நான் எடுத்த உடனே ஸ்வெற்றர் பற்றிப் பேசுவதில்லை. இவ்வளவு காலமும் எங்கள் கை குளிர் நாட்டுக்காகவே பின்னிக்கொண்டு இருந்துவிட்டது. அனுப்புவோம், போட்டோ வரும், பார்த்துச் சந்தோஷப்படுவோம். அதில் தவறு ஒன்றும் இல்லை, நானும் பின்னுவேன், இனியும் பின்னுவேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் தங்கள் கையால் பின்னியதைத் தாங்களே உடுத்திக்கொண்டு இந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. கடற்கரைக்குப் போகும்போது தோளில் போட, பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் கொண்டுபோக, கச்சானுக்குள்ளும் போட்டுக்கொண்டு இருக்க.

அதற்குப் பருத்திதான் சரி. ஆனால் பருத்திக்கு வேறு மனம். வூல் மாதிரி இழுத்துவிட்டால் திரும்பி வராது. பின்னல் பாரத்தால் கீழே தொய்யும், கை கடைசியில் முழங்கை தாண்டிப் போய் நிற்கும். அதனால் கழுத்தில் இருந்து கீழ்நோக்கி, கை இல்லாமல், கண்ணிக்குக் கண்ணி இடைவெளி விட்ட பின்னலாய்ப் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். நூலும் குறையும், பாரமும் குறையும், காற்றும் போகும். பாலையூற்று அக்காள் மயில்நீலத்தில் ஒரு சட்டை முடித்து, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனாள். வழியில் மறித்து மறித்து எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். "நானே பின்னினது" என்று சொன்னதை வந்து என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

திருக்கடலூரில் இருந்து ஒரு அண்ணை வலைக்கு நைலோன் கயிறு வாங்கிக்கொண்டு போகிற வழியில் என் கடையில் நின்று போவார். அவருடைய மகளும் சனிக்கிழமை வருகிறவள். ஒருநாள் மகளின் பின்னலைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில முடிச்சே இல்லையே, எப்படி நிக்குது?" என்று கேட்டார். எனக்கு அன்றுதான் வலையை ஒழுங்காய்ப் பார்க்கத் தோன்றியது. வலையில் கண்ணுக்குக் கண் முடிச்சு. மீன் ஒரு இடத்தில் கிழித்தால் கிழிசல் அந்த இடத்தோடு நிற்கும், சுற்றிப் பொத்திவிடலாம். எங்கள் பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் கீழே உள்ள கண்ணிகளும் ஏணி மாதிரிக் கழன்றுகொண்டே இறங்கும். ஆனால் முடிச்சு இல்லாததால்தான் அது உடம்போடு நீளும், சுருங்கும், முழுவதையும் பிரித்து வேறொன்றாகவும் பின்னலாம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் வலை ஊசியைக் காட்டி மகளுக்கு அந்த முடிச்சையும் சொல்லிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். சொல்லிக் கொடுத்தும் விட்டார். பெண்பிள்ளைக்கு எதற்கு வலை வேலை என்று கேட்கிற ஊரில் எனக்கு அது பெரிய விசயமாய்ப் பட்டது.

கடையைப் பற்றி வேறு என்ன? கடற்காற்றில் இரும்பு ஊசி எல்லாம் துருப்பிடிக்கிறது, வெள்ளை நூலில் அந்தக் கறை பட்டால் போகாது. அதனால் மூங்கில் ஊசிகள்தான் இப்போது அதிகம் எடுக்கிறேன். வேர்த்த கையிலும் அது வழுக்காது. அசல் கம்பளியைப் பூச்சி தின்னாமல் இருக்கக் காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி இறாக்கையில் வைக்கிறேன், கரப்பொத்தானும் கொஞ்சம் குறைவு. மாரி தொடங்குவதற்கு முன் எல்லா நூலையும் இறக்கிக் கீழ்த்தட்டைக் காலியாக்க வேண்டும், அது ஐப்பசிக்குள் முடிய வேண்டிய வேலை.

இப்போது என் ஊசியில் இருப்பது உன் சொக்ஸ். சொல்லாமல் அனுப்பலாம் என்று இருந்தேன், ஆனால் அளவு இல்லாமல் மேலே போக முடியவில்லை. சாம்பல் நிறம், நீ போன முறை விட்டுச் சென்ற அந்த நல்ல நூல். 64 கண்ணியில் கணுக்கால் வரை சுற்றிப் பின்னி வந்து, இப்போது குதிக்காலில் நிற்கிறேன். சொக்சில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாதிக் கண்ணியை, அதாவது 32ஐ மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாய் 32 வரி. ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்தினால் ஓரத்தில் 16 சங்கிலி தெளிவாய் நிற்கும். பிறகு நடுவைக் கொஞ்சம் தாண்டிப் போய், இரண்டு கண்ணியை ஒன்றாக்கி, வரி முடியாமலே திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணி தள்ளி. இப்படித் திரும்பித் திரும்பி வர, தட்டையாய் இருந்த துண்டு குழிந்து, குதிக்கால் வந்து உட்காருகிற இடம் உருவாகும். கடைசியில் 18 கண்ணி மிஞ்சும். இரண்டு ஓரச் சங்கிலியிலும் பதினாறு பதினாறு எடுத்துச் சேர்த்து மறுபடி சுற்றத் தொடங்கிவிடலாம். இதை முதலில் கண்டுபிடித்தது எந்த மனுசியோ, அவளுக்கு நான் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் கும்பிடு போடுவேன்.

எனவே உடனே இதைச் செய். காலைத் தரையில் ஊன்றி நின்றபடி, குதிக்காலில் இருந்து பெருவிரல் நுனி வரை அளந்து எழுது. இருந்துகொண்டு அளக்காதே, நிற்கும்போதுதான் பாதம் முழுதாய் விரியும். விரல்களுக்குக் கொஞ்சம் பின்னால், பாதத்தின் அகலமான இடத்துச் சுற்றளவும் வேண்டும். நான் அதில் பத்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் பின்னுவேன், அப்போதுதான் சப்பாத்துக்குள் சுருண்டு போகாது. போனிலேயே அனுப்பிவிடு, கடிதம் வரும்வரை ஊசியில் காத்திருக்க முடியாது.

பங்குனியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயிற்றா? வரும்போது எனக்கு நூல் கொண்டுவராதே, உன் பெட்டியில் பாரம் வேண்டாம். 4 மில்லிமீற்றரில் 80 சென்ரிமீற்றர் நீளமான வட்ட ஊசி இரண்டு போதும், சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு. உன் பேத்தியையும் கூட்டிவா. மயில்நீலத்தில் அவளுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், ஒரே சாய லொட் நம்பரில்.

அண்ணைக்கு என் அன்பைச் சொல்லு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் ஒரே வாங்குத் தோழி